அடுப்பில்லாத நான்கு நாட்கள்

கோடை விடுமுறைக்கு வெளியூர் சென்று திரும்பிய குடும்பத்தாரிடம், "என்ன கண்டீர்கள்?" என்று வினவிப் பாருங்கள். பெரியவர்கள் அரண்மனை, அருங்காட்சியகம், கடற்கரை என்று வரிசையாகச் சொல்வார்கள். பிள்ளைகளோ எந்த ஊரில் எதைத் தின்றோம் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அரண்மனையின் பெயர் மறந்துபோகும். தின்ற பண்டத்தின் மணம் மறப்பதில்லை. இருந்தும், பயணத்துக்கு ஆயத்தம் செய்கையில் தங்கும் அறைக்கும் ரயில் சீட்டுக்கும் நாம் செலவிடும் கவனத்தில் காற்பங்கைக்கூட உணவுக்குச் செலவிடுவதில்லை. பசித்த இடத்தில் எதிர்ப்பட்ட கடையில் நுழைந்து, எதையோ விழுங்கி, விலையை நொந்துகொண்டு வெளியேறுகிறோம். இல்லையேல், நம் குடும்பங்களில் வெகுவாக உள்ள வழக்கப்படி, அடுப்பையே மூட்டை கட்டி உடன் எடுத்துச் செல்கிறோம்.

இவ்விரண்டாம் வழக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என் தம்பி பள்ளி ஆசிரியன். மனைவியுடனும் கல்லூரியில் பயிலும் மகளுடனும் பள்ளியிறுதி வகுப்பு முடித்த மகனுடனும் மும்பை நகரை நான்கு நாட்கள் சுற்றிப் பார்க்கத் திட்டமிட்டு, என்னையும் அழைத்தான். போட்டிருந்த திட்டத்தைக் காட்டினான். சமையற்கட்டுடன் கூடிய வாடகை அறை. எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களாக மின்சார அரிசிக் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், இரண்டு படி அரிசி. "வெளியில் சாப்பிட்டால் ஐந்து பேருக்கு என்ன ஆகும் தெரியுமா, அண்ணே? காலையில் இவள் கொஞ்சம் பொங்கி வைத்துவிட்டால் போதும். பகலெல்லாம் ஊர் சுற்றலாம்" என்றான். தம்பி மனைவி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலில் உப்பு விட்டுப்போயிருப்பதை மட்டும் சுட்டிக்காட்டினார்.

திருமணமாகி இருபத்து நான்கு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அதிகாலையில் எழுந்து பொங்குகிறவர், எல்லாரும் உண்டு எழுந்த பின்பு ஆறியதை உண்கிறவர். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் சென்று அங்கும் அதே அரிசியைக் களைவதற்குப் பெயர் விடுமுறையா? மற்ற நால்வருக்கு விடுமுறையாயிருக்கலாம். அவருக்கு அது இடமாற்றம். நான் இதைச் சொன்னபோது தம்பி சிரித்துவிட்டு, "ஏழு தலையான பாவங்களில் போசனப்பிரியமும் ஒன்று என்று ஞானோபதேசத்தில் கற்பித்தவரே ஓட்டலுக்குப் போகச் சொல்கிறீர்களே" என்றான். அந்தப் பாடம் தன் பங்குக்கு மிஞ்சி உண்பவரைப் பற்றியது. கடைசிப் பந்தியில் அமர்கிறவரைப் பற்றியதன்று என்றேன். குக்கர் வீட்டிலேயே தங்கிற்று. ஆனால் தம்பி சொன்ன கணக்கும் பொய்யன்று. ஆசிரியர் சம்பளத்தில் ஐந்து பேர் நான்கு நாட்கள் வெளியில் உண்பதென்றால், கடைகளைத் தேர்ந்தே செல்ல வேண்டும். அந்தத் தேர்வுக்கு மும்பையைவிடத் தக்க நகரம் இந்தியாவில் இல்லை என்பது என் கருத்து.

காரணம் அந்நகரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1853-இல் முதற்பயணிகள் ரயில் அங்கிருந்துதான் தாணாவுக்கு ஓடிற்று. மறு ஆண்டு முதற்பருத்தி ஆலைக்கு அடிகோலப்பட்டது. துறைமுகமும் ரயிலும் ஆலைகளும் நாடெங்கிலுமிருந்து ஆட்களை இழுத்தன. வந்தவர்களுள் பெரும்பாலார் தனியாக வந்த ஆண்கள். மனைவி மக்கள் கொங்கணத்துக் கிராமத்திலோ, குஜராத்திலோ, தென்கன்னடத்திலோ, நம் பாலக்காட்டிலோ, திருநெல்வேலியிலோ இருந்தனர். ஓர் அறையில் பத்துப் பேர் முறை வைத்து உறங்கினார்கள், சமைக்க இடமில்லை. தாயின் கைச்சோற்றை விட்டு வந்த இம்மனிதர்களுக்காகவே அந்நகரின் நல்ல சாப்பாட்டுக் கடைகளில் பல பிறந்தன. ஆகவே அவற்றில் வீட்டுச் சுவை உண்டு. கூலிக்காரரும் குமாஸ்தாவும் தரக்கூடிய விலையும் உண்டு. புதிய நகரில் ஒரு கடைவாசலில் நிற்கும்போது, "இங்கே முதன்முதலில் உண்டவர்கள் யார்?" என்று விசாரித்துப் பாருங்கள். அலங்கார விளக்குகளும் விளம்பரப் பலகையும் சொல்லாததை அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை சொல்லிவிடும்.

முதல் நாள் மாட்டுங்காவுக்குச் சென்றோம். "இட்லி தின்னவா மும்பைக்கு வந்தோம்?" என்று தம்பி மகன் முணுமுணுத்தான். நியாயமான கேள்விதான். ஆனால் மாட்டுங்கா தென்னாட்டவரின் மும்பை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று வேலை தேடி வந்த நம்மவர்கள் குடியேறிய பகுதி. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-இல் தோன்றியதும் இங்கேதான். வாழையிலையும் மல்லிகையும் காப்பித்தூளும் தெருவோரம் விற்கும் காட்சியைக் காண்கையில் மயிலாப்பூரில் நிற்பதாகவே தோன்றும். கிங்ஸ் சர்க்கிள் அருகே 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் இருக்கிறது. ரசத்தில் ஊறிய இட்லியும் வடையும் அங்கே பேர்பெற்றவை. ரயில் நிலையத்தையொட்டி, 1942-இல் அ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் இருக்கிறது. 'போர்டிங்' என்னும் சொல்லே அதன் கதையைச் சொல்லிவிடுகிறது. குடும்பமின்றி வாழ்ந்த குமாஸ்தாக்கள் நாள்தோறும் உண்ட இடம் அது. உடுப்பி வட்டாரத்து ஏழைச் சிறுவர்கள் ஊரை விட்டுச் சென்று, சமையற்கட்டில் பாத்திரம் துலக்கி, பின்பு தாமே கடை வைத்த வரலாறு நமக்குப் புதியதன்று. சென்னையில் 1938-இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கிருஷ்ணராயரும் அவ்வழி வந்தவரே.

கட்டணச் சீட்டு வாங்கிக்கொண்டு எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். வரிசையில் மராத்தியரும் குஜராத்தியரும் எங்களைவிட மிகுதி. 1966-இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராகக் குரலெழுப்பிய ஆண்டுகளில் இந்நகரின் உடுப்பிக் கடைகள் கல்லடி பட்டதுண்டு. அதை நான் சொன்னபோது, முன்னால் நின்ற குடும்பத்துச் சிறுமி ரசம் கேட்டு அடம்பிடிப்பதைப் பார்த்த தம்பி மகள், நம்ப முடியவில்லை என்றாள்.

உள்ளே இலை போடப்பட்டது. பரிமாறுபவர் கூட்டையும் பொரியலையும் வைத்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்த உடனே, தம்பி மனைவி தம் இலையை விட்டெழுந்து, மகனுக்கு நெய் வந்ததா, எனக்கு அப்பளம் வந்ததா என்று பார்க்கத் தொடங்கினார். வாளியுடன் வந்த முதியவர் அவரைக் கையமர்த்தி, இந்தி, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்த ஒரு மொழியில், "உட்காருங்கம்மா, இது என் வேலை" என்றார். அவர் அமர்ந்தார். சோறு சூடாக இருந்தது. இரண்டாம் முறை ரசம் வந்தபோது அவர் மறுக்கவில்லை. மூன்றாம் முறை தாமே கைகாட்டிக் கேட்டார். நாங்கள் நால்வரும் உண்டு முடித்து அவருக்காகக் காத்திருந்தோம். அக்குடும்பத்தில் அது முன்பு நடந்ததுண்டா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் தோபி தலாவ் பகுதிக்குச் சென்றோம். கத்தோலிக்கர் காண வேண்டிய ஒன்று அங்கே உண்டு. வழிகாட்டி நூல்கள் அதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கோவாவிலிருந்து கப்பல் வேலைக்கும் சமையல் வேலைக்கும் இசைக்குழுக்களுக்கும் வந்தவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து நடத்திய 'கூட்' என்னும் தங்குமிடங்களே அவை. ஓர் ஊராருக்கு ஒரு கூட். ஆளுக்கொரு பெட்டி, பாய். நடுவில் ஒரு பீடம், மாலையில் செபமாலை. ஜெர் மஹால் என்னும் பழங்கட்டடத்தில் இன்றும் இத்தகைய கூட்கள் இருக்கின்றன. கப்பல் வரும்வரை காத்திருந்த அம்மனிதர்கள் காலைத் தேநீருக்கு இறங்கி வந்த இடங்கள், தெருமுனைகளிலிருந்த ஈரானிக் கடைகள்.

ஈரானியர் எனப்படுவோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். பெரும்பாலார் சொராஸ்திர சமயத்தார். தெருமுனைக் கடை ஆகாது என்று பிற வணிகர் ஒதுக்கியதால் முனைகள் இவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன என்பர். சாதி, மதம் கேட்காமல் எவரையும் ஒரே மேசையில் அமர்த்தியது இவர்களுடைய பெருமை. 1904-இல் தொடங்கிய கயானி அண்டு கோ மெட்ரோ திரையரங்குக்கு எதிரே இருக்கிறது. மேசைமேல் கட்டம்போட்ட துணி, வளைத்த மரத்தாலான நாற்காலி, கண்ணாடிப் புட்டிகளில் பிஸ்கோத்து. வெண்ணெய் தடவிய பன் மஸ்காவைப் பால் மிகுந்த தேநீரில் தோய்த்து உண்ண வேண்டும். பால்கோவா சேர்த்துச் சுட்ட மாவா கேக்கை மறவாமல் வாங்குங்கள். காரமிட்டுக் கிளறிய முட்டைக்கு 'அகூரி' என்று பெயர். ஐந்து பேரும் வயிறார உண்டு கொடுத்த தொகையைக் கண்டு தம்பியின் முகம் மலர்ந்தது. ஆனால் இக்கடைகள் வேகமாக மறைந்து வருகின்றன. ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று சில பத்துகளே. நிலத்தின் விலை வானளாவிய நகரில், ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் அமரவிடும் கடை எப்படி நிலைக்கும்? பிள்ளைகளும் வேறு தொழில்களுக்குச் சென்றுவிட்டார்கள். நம் பிள்ளைகள் தம் பிள்ளைகளை அழைத்து வரும்போது இவற்றுள் எத்தனை இருக்குமோ? பார்க்க விரும்புகிறவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

அன்று மதியம் பல்லார்டு எஸ்டேட்டிலுள்ள பிரிட்டானியா அண்டு கோ. 1923-இல் தொடங்கிய இக்கடை, மேலே நான் சொன்ன விதிக்கு விலக்கு. இது ஆங்கிலேய அதிகாரிகளை எதிர்பார்த்துத் திறக்கப்பட்டது. எனினும் இன்று எவரும் அங்கே ஆங்கில உணவைத் தேடிப் போவதில்லை. உரிமையாளர் போமன் கோஹினூரின் துணைவியார் ஈரானில் வேலை பார்த்தவர். அங்கே பழகிய ஒரு புலாவை இந்நாட்டு நாவுக்கேற்ப மசாலை கூட்டிச் சமைத்தார். அரிசிமேல் தூவப்படும் சிறு சிவப்புப் பழம் ஈரானிலிருந்து வருவது. ஸெரெஷ்க் என்பது அதன் பெயர். நம் களாக்காயின் புளிப்பை நினைவூட்டும். கோழியோ ஆட்டிறைச்சியோ அடியில், பழமும் முந்திரியும் மேலே. இந்தப் பெர்ரி புலாவே இன்று அக்கடையின் பெயரைக் காப்பாற்றுகிறது. மேசை மேசையாகச் சென்று விருந்தினரை விசாரிக்கும் வழக்கமுடைய போமன் கோஹினூர் 2019-இல், 97-ஆம் வயதில் காலமானார். நான்கு நாட்களில் நாங்கள் மிகுதியாகச் செலவழித்த நற்சாப்பாடு இதுவே. நெஞ்சாரச் சொல்கிறேன், ஒரு காசும் வீண் இல்லை. ஒரு தட்டு இருவருக்குப் போதும் என்பதையும் தம்பியரின் பொருட்டுச் சேர்த்துச் சொல்கிறேன்.

அங்கிருந்து நடந்து வரும் வழியில் டப்பாவாலாக்கள் வெறும் டப்பாக்களைத் திருப்பி எடுத்துச் செல்வதைக் கண்டோம். வெள்ளைத் தொப்பி, தலையில் நீண்ட மரத்தட்டு. 1890-இல் தொடங்கிய தொழில் இது. வீட்டில் சமைத்த உணவைக் காலையில் வாங்கி, ரயிலேற்றி, வண்ணக் குறிகளை மட்டும் கொண்டு இன்னார் மேசைக்கு இன்ன டப்பா என்று கொண்டு சேர்த்து, பிற்பகலில் டப்பாவை வீட்டுக்கே மீட்டளிப்பார்கள். பிள்ளைகள் அந்தக் குறிகளைப் பற்றி வியந்து பேசினார்கள். தம்பி மனைவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒவ்வொரு டப்பாவுக்குப் பின்னாலும் நாலு மணிக்கு எழுந்த ஒருத்தி இருப்பாள், சாமி" என்றார்.

அவர் சொன்னதற்கு விடைபோல அந்நகரில் இன்னொரு வரலாறு உண்டு. லால்பாக், பரேல் முதலிய ஆலைப் பகுதிகளில், தொழிலாளரின் மனைவியரும் கைம்பெண்களும் தங்கள் ஓரறை வீட்டிலேயே இருபது முப்பது ஆலைத் தொழிலாளருக்கு மாதக் கணக்கில் சமைத்துப் போட்டார்கள். 'கானாவள்' என்பது அவ்வேற்பாட்டின் பெயர். மளிகைக் கடனுக்கு வட்டி கட்டியே நலிந்த இப்பெண்களைத் திரட்டி, 1975-இல் பிரேமா புரவ் என்னும் அம்மையார் அன்னபூர்ணா மகிளா மண்டலத்தை நிறுவினார். அதன் வாயிலாக வங்கிகள் அவர்களுக்குக் கடன் கொடுத்தன. 1982 சனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியேறினர். ஆலைகள் பல மீண்டும் திறக்கவேயில்லை. உண்பவர் ஊர் திரும்பினால் உலை வைப்பவள் என்ன செய்வாள்? அவ்வாலைகள் நின்ற நிலத்தில் இன்று கண்ணாடி மாளிகைகளும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. கானாவள் சாப்பாட்டை நாங்கள் தேடிப் பார்க்கவில்லை. மராத்திய வீட்டு உணவை அறிய விரும்புவோர் தாதரிலுள்ள ஆஸ்வாத் போன்ற எளிய கடைகளில் தாலிபீட்டும் மிசலும் உண்ணலாம்.

அன்றிரவு மகனின் ஆசைக்கிணங்கக் கடலோரத்திலிருந்த ஒரு பகட்டான உணவகத்துக்குச் சென்றோம். பெயர் வேண்டாம். விளக்கு மங்கல், இசை உரத்த குரலில். உணவு நம் மாவட்டத் தலைநகரில் கிடைப்பதேதான், விலை மட்டும் ஐந்து மடங்கு. கடலை வெளியே நின்று இலவசமாகப் பார்க்கலாம். சர்ச்கேட் அருகே 1953 முதல் இருக்கும் கே. ரஸ்தம் கடையில், இரு மெல்லிய பிஸ்கோத்துகளுக்கிடையே பாளமாக வெட்டி வைத்த ஐஸ்கிரீமை வாங்கிக்கொண்டு நடந்து சென்றால் அதே கடற்காற்று கிடைக்கும். மகனும் இதை ஒப்புக்கொண்டான்.

மூன்றாம் நாள் நடந்ததுதான் உண்மையான விருந்து. கல்பாதேவி துணிச் சந்தையின் நெரிசலில், ஒரு சந்துக்குள் திரும்பி மாடியேறினால் ஸ்ரீ தாக்கர் போஜனாலய். 1945-இல் தோன்றியது. குடும்பத்தைக் குஜராத்தில் விட்டுவிட்டு வந்த துணி வணிகருக்கும் கணக்குப்பிள்ளைகளுக்கும் வீட்டுச் சோறு போட எழுந்த போஜனாலயங்களில் ஒன்று. தட்டில் சின்னஞ்சிறு கிண்ணங்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு கறி. இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் பருப்பிலேயே கூடியிருக்கும். நெய் ஒழுகும் ரொட்டி கைக்குக் கை வந்துகொண்டேயிருக்கும். இறுதியில் கிச்சடி; அதன்மேலும் நெய். போதும் என்று தட்டின்மேல் கையை விரித்து மறைத்தாலொழிய நிறுத்தமாட்டார்கள். பருப்பில் வெல்லமா என்று முதலில் முகம் சுளித்த தம்பி, கடைசியில் அதையே இரண்டு கிண்ணம் குடித்தான். இத்தகைய இடத்துக்குச் செல்லும் நாளில் காலை உணவைக் குறைத்துக்கொள்ளுங்கள்; மாலையில் வேறு திட்டம் வைக்காதீர்கள். நாங்கள் அன்று பிற்பகல் முழுவதும் உறங்கினோம். தம்பி மனைவியும் பகலில் உறங்கினார்.

நான்காம் நாள் ஞாயிறு. பாந்திராவில் மலைமாதா பேராலயத்தில் திருப்பலி கண்டோம். பாந்திராவின் பழங்குடிகளான ஈஸ்ட் இந்தியன் கத்தோலிக்கர், பலவகை மசாலைகளை வறுத்திடித்துப் புட்டிகளில் அடைத்து ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வார்கள். அச்சமையல் கடைகளைவிட வீடுகளிலேயே சிறக்கும். அறிமுகமானவர் எவரேனும் இருந்தால் கூச்சப்படாமல் விருந்துக்குச் செல்லுங்கள். ஞாயிறன்று கோட்டைப் பகுதியின் அலுவலகத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். பிரிட்டானியா போன்ற கடைகள் அன்று திறந்திருக்குமா என்பதை முன்பே விசாரிக்க வேண்டியிருக்கும். ஆகவே அவற்றை வாரநாளில் வைத்துக்கொள்வது நலம். மாட்டுங்காவில் அன்றுதான் கூட்டம் மிகுதி.

திரும்பும் ரயிலில் இரவு உணவுக்குத் தாதர் நிலையத்துக்கு வெளியே வடாபாவ் வாங்கிக்கொள்வதாகத் திட்டம். 1966-இல் அசோக் வைத்யா என்பவர் அங்கே விற்கத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பண்டம் அது. நேரமில்லாமல் போயிற்று. ஆனால் கர்ஜத் நிலையத்தில், மலையேறுவதற்காக வண்டியின் பின்னால் துணை எஞ்சின்களை மாட்டும் சில நிமிடங்களில், நடைமேடையிலேயே சுடச்சுட உருளைக்கிழங்கு வடை விற்பார்கள். திவாட்கர் வடை என்று பேர்பெற்றது. தம்பி மனைவி பையிலிருந்த மாவா கேக்கைப் பங்கிட எழுந்தார். தம்பி அவரை அமரச் சொல்லிவிட்டுத் தானே இறங்கி ஓடினான். பூண்டுப்பொடி தூவிய பொட்டலங்களுடன் எஞ்சின் ஊதும்முன் ஏறி வந்து, முதற்பொட்டலத்தை அவரிடம் நீட்டினான்.